செயற்கை நுண்ணறிவும் திறனாய்வுச் சிந்தனையும்: பழனி மலையிலிருந்து சில எடுத்துக்காட்டுகள்

ஒரு கூற்றைக் கேட்டவுடன் அதை ஏற்றுக்கொள்ளாமலும் தள்ளிவிடாமலும், இதற்கு ஆதாரம் என்ன, அந்த ஆதாரம் யாரிடமிருந்து வந்தது, வேறு விளக்கம் இருக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்து முடிவுக்கு வரும் பழக்கமே திறனாய்வுச் சிந்தனை எனப்படுகிறது. முடிவைச் சற்று நேரம் நிறுத்தி வைப்பதுதான் இதன் உயிர்நாடி என்று அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1910இல் எழுதினார். பி.எட். படித்தவர்களுக்கு பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வகுத்த ஆறு படிகள் நினைவிருக்கும்: அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடுதல். முதல் மூன்றைப் பள்ளி ஓரளவு பார்த்துக்கொள்ளும். கடைசி மூன்றுக்காகத்தான் கல்லூரி இருக்கிறது.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தபின் இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. கால்குலேட்டர் கணக்கின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. கூகுள் தேடல் தகவலைக் கொண்டுவந்து கொடுத்ததோடு நின்றது. புதிய கருவிகளோ பகுத்தலும் தொகுத்தலும் மதிப்பிடுதலும் ஏற்கெனவே செய்து முடித்ததுபோன்ற தோற்றமுள்ள கட்டுரையை அரை நிமிடத்தில் எழுதிக் கொடுக்கின்றன. 2025இல் கூகுள் நிறுவனம் இந்தியக் கல்லூரி மாணவர்களுக்கு ஜெமினியின் கட்டணச் சேவையை ஓராண்டுக்கு இலவசமாக அளித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனமும் சாட்ஜிபிடி கோ சேவையை இந்தியர்களுக்கு ஓராண்டு இலவசமாக்கியது. ஆகவே பணம் இல்லாத மாணவருக்கு இது எட்டாது என்ற நிலையும் இப்போது இல்லை.

இந்தக் கருவிகள் தவறான விடை தருகின்றன என்பதே பலரும் சொல்லும் குறை. அது உண்மைதான், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவரும் குறை. விடை சரியாகவே இருக்கும்போதும் நேரும் இழப்பு ஒன்று உண்டு. மாணவருக்குள் கேள்வி முளைக்கும் முன்பே விடை வந்து நின்றுவிடுகிறது என்பதுதான் அது. இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பிடி கிடைக்காது. எனவே ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம்: திண்டுக்கல் மாவட்டத்துப் பழனி மலைத்தொடர். 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கோடைக்கானலில் உள்ளது. மலையடிவாரத்திலும் சுற்றிலும் பழனி, பெரியகுளம், திண்டுக்கல் என்று கல்லூரிகள் பல. இந்த மாணவர்கள் செயல்திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளத்தக்க மூன்று பொருள்களை இங்கே பார்க்கலாம்.

எவர்ஷெட் பார்த்தது

சென்னை மாகாணத்தை 1876–78இல் வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் ஆங்கிலேய அரசிடம் எழுந்தது. அதன் விளைவுகளில் ஒன்று 1899இல் கோடைக்கானலில் அமைந்த சூரிய ஆய்வகம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இன்று இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் 1907இல் இங்கு வேலைக்கு வந்தார். அடுத்த ஆண்டு, 1908இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் சூரியப் புள்ளிகளைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு சுழல்போல அமைந்திருப்பதைப் படம் பிடித்தார். புள்ளிகளில் காந்தப் புலம் இருப்பதையும் கண்டறிந்தார். அன்றைய வானியலில் ஹேல் பெரிய பெயர். சூரியப் புள்ளி என்பது சுழிக்காற்றுப் போன்றது என்ற எண்ணம் வலுப்பெற்றிருந்தது. சுழற்சி இருக்குமானால் நிறமாலையில் அது தெரிய வேண்டும் என்று எவர்ஷெட் தேடத் தொடங்கினார்.

தேடும் முறை எளிமையானது. சூரிய ஒளியைப் பிரித்தால் நிறமாலையில் கருங்கோடுகள் தெரியும். வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு ஊதாப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். புள்ளி சுழல்கிறது என்றால், சூரிய விளிம்புக்கு அருகே உள்ள ஒரு புள்ளியின் இரு பக்கவாட்டு ஓரங்களில் கோடுகள் எதிரெதிராக நகர வேண்டும். 1909 ஜனவரியில் எவர்ஷெட் எடுத்த படங்களில் அப்படித் தெரியவில்லை. புள்ளியின் வெளிநிழற் பகுதியில் சூரியனின் நடுப்பக்கம் இருந்த ஓரத்தில் கோடு ஊதாவுக்கும், விளிம்புப் பக்கம் இருந்த ஓரத்தில் சிவப்புக்கும் நகர்ந்திருந்தது. புள்ளி சூரிய வட்டின் நடுவில் இருக்கும்போது இந்த நகர்வு ஏறக்குறைய மறைந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே பொருள்தான் வருகிறது: வாயு சுழலவில்லை; புள்ளியின் மையத்திலிருந்து எல்லாத் திசையிலும் வெளிநோக்கி, மேற்பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாகப் பாய்கிறது. இதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். இன்றும் சூரிய இயற்பியல் பாடநூல்களில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

ஒரு மாணவர் இன்று ஒரு கருவியிடம் எவர்ஷெட் விளைவு என்றால் என்ன என்று கேட்டால் சரியான விடை வரும். நாலு வரியில் அழகாக வரும். அந்த நாலு வரியில் இல்லாதது, சுழற்சியை எதிர்பார்த்துப் போன ஒருவர் வேறொன்றைக் கண்டு, தன் எதிர்பார்ப்பைக் கைவிட்ட அந்த இடம். அவருக்கு முன் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது; கையில் படத்தகடு இருந்தது; இரண்டும் ஒத்துப்போகவில்லை. சிந்தனை நடந்தது அந்த இடைவெளியில்தான். முடிவை மட்டும் வாங்கிக்கொள்ளும் மாணவருக்கு எதிர்பார்ப்பும் இல்லை, தகடும் இல்லை. எனவே இடைவெளியும் இல்லை.

இதே ஆய்வகத்தில் இயந்திரக் கற்றலுக்கும் இடம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1904 முதல் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் எண்ணிமமாக்கப்பட்டுள்ளன. அவற்றிலுள்ள புள்ளிகளையும் இழைகளையும் பிரித்தறிய ஆய்வாளர்கள் கணினிக்குப் பயிற்சி கொடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அங்கே முதலில் மனிதர்கள் கையால் அடையாளமிட்டுத் தருகிறார்கள். கணினி சொன்னதை மூலப்படத்தோடு ஒப்பிட்டுப் பிழையை அளக்கிறார்கள். மூலம் கைவசம் இருக்கிறது, ஒப்பிடத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறார். ஒரு வகுப்பறைக் கட்டுரையில் இவ்விரண்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

மரம் நடுவது நல்லதுதானே?

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் அருகில் இருப்பது. பழனி மலையின் மேற்பகுதியில் இயற்கையாக அமைந்தது சோலைக்காடும் புல்வெளியும் கலந்த நிலம். பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இந்தத் திறந்த சரிவுகளுக்கு உரியது. 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்து 2030இல் எதிர்பார்க்கலாம். ஆங்கிலேயர் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பின்னும் இந்தப் புல்வெளி "வீணாகக் கிடக்கும் நிலம்" என்றே கருதப்பட்டது. தோல் பதனிடத் தேவைப்படும் பட்டைக்காக வாட்டில் மரமும், மரக்கூழுக்காகத் தைல மரமும், கூடவே பைனும் நடப்பட்டன. வாட்டில் நட்ட இடத்தில் நிற்கவில்லை. விதை பரவித் தானாகவே முளைத்துக்கொண்டு போனது.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலையின் உயர்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது என்றும், மரத்தோட்டங்களும் விவசாயமுமே அதற்குக் காரணம் என்றும் அது காட்டியது. வெளியூரிலிருந்து வருகிறவர் பைன் காட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு இயற்கையைப் பார்த்ததாக நினைத்துத் திரும்புகிறார். அவர் பார்த்தது நட்டு வளர்த்த தோட்டம்.

இப்போது ஒரு மாணவர் "கோடைக்கானலின் சுற்றுச்சூழலைக் காக்க என்ன செய்யலாம்" என்று ஒரு கருவியிடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இக்கருவிகள் இணையத்தில் குவிந்து கிடக்கும் எழுத்தைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதப் பழக்கப்பட்டவை. சுற்றுச்சூழல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உலகம் முழுக்க அதிகம் எழுதப்பட்டிருப்பது மரம் நடுதல். ஆகவே பொதுவான கேள்விக்குப் பொதுவான விடை வர வாய்ப்பு அதிகம். நெகிழியைக் குறைத்தல், மழைநீர் சேகரித்தல், மரம் நடுதல் என்று பட்டியல் வரும். எந்த ஊருக்கும் பொருந்தும் விடை அது. இந்த மலையின் புல்மேட்டில் அதைச் செய்தால் கேடு.

"பழனி மலைப் புல்வெளியில் மரம் நடலாமா" என்று கேட்டிருந்தால் அதே கருவி சோலையையும் புல்வெளியையும் பற்றிச் சரியாகவே சொல்லியிருக்கலாம். அப்படிக் கேட்க, புல்வெளி என்று ஒன்று இருக்கிறது என்பதும் அது காட்டைவிடக் குறைந்ததல்ல என்பதும் கேட்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மன்னவனூர்ப் பக்கம் ஒருநாள் நடந்து, ஒரு சரிவில் புல்லும் எதிர்ச்சரிவில் வாட்டிலும் நிற்பதைப் பார்த்து, ஏன் இப்படி என்று கேட்ட மாணவருக்கு அந்தக் கேள்வி வரும். அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு வருவது கடினம்.

விஷயம் அங்கேயும் முடிவதில்லை. அப்படியானால் அந்நிய மரங்களையெல்லாம் வெட்டிவிடலாமா என்றால், சில தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. அவற்றை அப்படியே விட வேண்டும் என்று வாதிடும் இயற்கை ஆர்வலர்கள் இருக்கிறார்கள். புல்வெளியை மீட்பதே முதல் வேலை என்போரும் இருக்கிறார்கள். இந்த மலையின் ஓடைகளை நம்பித்தான் அடிவாரத்தில் பாலாறு–பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளும் பழனி வட்டாரத்து வயல்களும் இருக்கின்றன. நாளை வனத்துறையிலோ வேளாண்மையிலோ வேலைக்குப் போகப்போகும் மாணவர் இதில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்.

பாதரச வழக்கு

மூன்றாவது எடுத்துக்காட்டில் உண்மை என்ன என்பதே சர்ச்சைக்குரியது. கோடைக்கானலில் 1983 முதல் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இயங்கியது. பின்னாளில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் இருந்தது. பாம்பார் சோலையை ஒட்டிய இடம். 2001 மார்ச்சில் ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடைக் கிடங்கில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி கிடப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள அரசு ஆய்வுக்கூட அறிவியலாளர்கள் கோடைக்கானல் ஏரியின் மாசு பற்றி 2006இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தொழிலாளர்களின் உடல்நலப் பாதிப்புக்கு ஆலை காரணமல்ல என்பது நிறுவனத்தின் நிலை. காரணம்தான் என்பது முன்னாள் தொழிலாளர்களின் நிலை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. மண்ணைத் தூய்மைப்படுத்த ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவு போதுமா என்ற வாதம் அதன் பின்னும் தொடர்ந்தது.

இதைப் பற்றிக் கருவியிடம் சுருக்கம் கேட்டால், ஒரு தரப்பு இப்படிச் சொல்கிறது, மறுதரப்பு அப்படிச் சொல்கிறது என்று சமநிலையான பத்தி ஒன்று கிடைக்கும். பார்க்க நியாயமாக இருக்கும். எந்த வாக்கியம் நிறுவனத்தின் அறிக்கையிலிருந்து வந்தது, எது நீதிமன்ற ஆவணத்திலிருந்து வந்தது, எது ஆய்விதழிலிருந்து வந்தது என்பது அந்தப் பத்தியில் கரைந்துபோகிறது. எடை போடுவதற்கு அதுதானே வேண்டும்? நிறுவனம் தானே பணம் கொடுத்துச் செய்வித்த ஆய்வும், தொடர்பில்லாத ஓர் ஆய்வுக்கூடம் செய்த ஆய்வும் ஒரே எடையுடையவை ஆகா. சில கருவிகள் இப்போது இணைப்புகளைத் தருகின்றன என்பது நல்ல மாற்றம். அந்த இணைப்பைத் திறந்து படிக்கிறவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

ஆய்வுகள் சொல்வது

இதுவரை சொன்னது தர்க்கம். அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் நடத்திய சோதனை 2025இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. ஒரு குழுவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவி. இன்னொரு குழுவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு ஆசிரியர்கள் அமைத்த கருவி. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. பயிற்சியின்போது முதல் குழு 48 சதவீதமும் இரண்டாவது குழு 127 சதவீதமும் கூடுதலாகச் செய்தன. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் குழு, கருவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. குறிப்பு மட்டும் பெற்ற குழுவுக்கு அந்த வீழ்ச்சி பெரும்பாலும் இல்லை.

அமெரிக்காவின் எம்ஐடி நிறுவன ஆய்வாளர்கள் 2025 ஜூனில் வெளியிட்ட ஆய்வு செய்தித்தாள்களில் பெரிதாக அடிபட்டது. 54 பேர் கட்டுரை எழுதும்போது மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். கருவியோடு எழுதியவர்களிடம் மூளைப் பகுதிகளுக்கிடையே இணைப்பு மிகக் குறைவாக இருந்தது. தாம் சற்றுமுன் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு வரியைக்கூடப் பலரால் சொல்ல முடியவில்லை. சிறிய ஆய்வு, சக அறிஞர் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிடப்பட்டது. "மூளை மழுங்குகிறது" என்று சிலர் தலைப்பிட்டது அதிகப்படி. அதில் பலர் கவனிக்காத ஒரு பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடைசிக் கட்டத்தில் 18 பேருக்கு முறையை மாற்றிக் கொடுத்தார்கள். முதலில் தாமாகவே எழுதிப் பழகிவிட்டுப் பிறகு கருவியைத் தொட்டவர்களின் மூளை சுறுசுறுப்பாகவே இயங்கியது. வரிசை மாறினால் விளைவு மாறுகிறது.

மைக்ரோசாப்ட், கார்னகி மெலன் ஆய்வாளர்கள் 319 அலுவலகப் பணியாளர்களிடம் கேட்டறிந்ததும் இதற்கு இசைவாக இருக்கிறது. கருவியின்மீது நம்பிக்கை கூடியவர்கள் குறைவாகச் சிந்தித்தார்கள்; தம் திறமைமீது நம்பிக்கை உடையவர்கள் கூடுதலாகச் சரிபார்த்தார்கள். மறுபக்கமும் உண்டு. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களுக்குக் கவனமாக வடிவமைத்த செயற்கை நுண்ணறிவு ஆசிரியர், நல்ல வகுப்பறையைவிடக் குறைந்த நேரத்தில் கூடுதலாகக் கற்பித்தது என்று 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டுகிறது.

அந்த மறுபக்கத்தைக் கிராமத்து ஆசிரியர்கள் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பூம்பாறையிலிருந்தோ தாண்டிக்குடியிலிருந்தோ வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, ஆங்கிலப் பாடநூலில் ஒரு பத்தி புரியவில்லை என்றால் இரவு ஒன்பது மணிக்கு யாரிடம் கேட்பது? வீட்டில் கேட்க முடியாது. டியூஷன் மையம் அருகில் இல்லாமல் இருக்கலாம். தமிழில் விளக்கு, இன்னும் எளிதாகச் சொல், ஓர் உதாரணம் கொடு என்று சலிக்காமல் கேட்க ஒரு துணை கிடைப்பது சிறிய விஷயமல்ல. அதைத் தடை செய்தால், வீட்டிலேயே படித்த பெற்றோர் இருக்கும் மாணவருக்குத்தான் ஆதாயம்.

வகுப்பில் செய்யக்கூடியவை

எழுதியது மனிதரா இயந்திரமா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பிச் சில இடங்களில் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். இது ஆபத்தானது. ஓப்பன்ஏஐ தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் தாமே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியவை என்று தவறாகச் சொல்லின. எளிய சொற்களில் எழுதும் தமிழ் மாணவர்தான் இதில் முதலில் மாட்டுவார்.

அதைவிடப் பயன் தருவது வரிசையை ஒழுங்கு செய்வது. கருவியைத் திறக்கும் முன் மாணவர் தன் ஊகத்தை ஐந்து வரியில் கையால் எழுதித் தேதியிட வேண்டும். பிறகு கருவியிடம் கேட்கலாம். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன, வேறுபட்ட இடத்தில் எது சரி, அதைத் தீர்மானிக்க எந்த மூலத்தைப் பார்த்தேன் என்று மூன்றாவதாக எழுத வேண்டும். மதிப்பெண் அந்த மூன்றாவது பகுதிக்கு. கோடைக்கானல் ஆய்வகத்தின் பழைய சூரியப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு நாளின் படத்தைக் கொடுத்து, புள்ளிகளை மாணவர் எண்ணிய பின் கருவியை எண்ணச் சொன்னால், ஒரே வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்திவிடலாம். புல்வெளிக்கும் அப்படியே: நடந்து பார்த்து எழுதிய குறிப்பேடு முதலில், கருவி பிறகு.

இன்னொன்று வாய்மொழித் தேர்வு. எழுதிய மாணவரை எதிரே உட்காரவைத்து, இந்த வாக்கியத்தை ஏன் எழுதினாய், இதற்கு எதிராக யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று இரண்டு கேள்வி கேட்டாலே போதும். யார் சிந்தித்தார் என்பது தெரிந்துவிடும். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் அறுபது பேர் உள்ள வகுப்புக்குப் பத்து மணி நேரம் ஆகும். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாத கௌரவ விரிவுரையாளரிடம் இதைக் கேட்பதற்கு முன், அந்தப் பத்து மணி நேரத்தைக் கால அட்டவணையில் ஒதுக்க வேண்டியது கல்லூரி நிர்வாகம்.